பிறகு உட்கார், நாற்பது

அந்த ஆய்வகத்தின் தூசி நுழையாத சுத்த அறைக்குள் தும்மினால் வேலை போய்விடும். விதிப்புத்தகத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் ஒருமுறை ஒருவர் தும்மினார், பதினான்கு மாத ஆராய்ச்சி ஒரே மூச்சில் பாழாயிற்று, அன்றே அவர் வேலையை விட்டுக் கப்பலில் சேர்ந்துவிட்டார் என்று சொல்வார்கள். கடலில் எவ்வளவு வேண்டுமானாலும் தும்மலாம். வேர்க்கடலை தின்றுவிட்டு வருகிறவரை வாசலில் இருக்கும் கருவி மோப்பம் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும் என்றும் சொல்வார்கள். நம்பாதவர்கள் தின்றுவிட்டுப் போய்ப் பார்க்கலாம்.

உள்ளே போனால் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்புதான். கண் மட்டும் தெரியும். உள்ளேயே பழகி, உள்ளேயே கல்யாணம் நிச்சயித்துக்கொண்ட இருவர் உண்டு. கல்யாணத்தன்றுதான் ஒருவர் மூக்கை மற்றவர் முதன்முதலாகப் பார்த்தார். குறை ஒன்றும் சொல்லவில்லை. மூக்கு என்று ஒன்று இருந்ததே போதும் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த அறையின் மஞ்சள் விளக்குப் பகுதியை இருபத்து நான்கு வருடமாக ஆண்டு வந்தவள் நாற்காலியக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பார்க்கலாம். பதினோரு வருடமாக அவள் ஒவ்வொரு சிலிக்கான் தட்டையும் செய்வதற்கு நடுவில், ஒரு எஃகு நாற்காலியில், கையைக் கட்டிக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்திருப்பாள். பேச மாட்டாள், படிக்க மாட்டாள், தூங்கவும் மாட்டாள். கண் மட்டும் தெரிகிற இடத்தில் தூங்கினால் உடனே தெரிந்துவிடும். ஆகவே நாற்காலியக்கா.

அவள் செய்து வந்தது ஒரு வடிகட்டி. கட்டை விரல் நகத்தளவு சிலிக்கான் தட்டு. அதில் ஒரு லட்சம் துளை. நோயாளியின் ரத்தத்தில் ஓடுகிற கெட்ட அணுக்களை மட்டும் பிடித்து நிறுத்தி, நல்லவற்றை வழியனுப்பி வைக்கும். தட்டின் மேல் ரெசிஸ்ட் என்கிற தேன் நிறத் திரவத்தை ஊற்றிச் சுழற்றினால், தலைமுடியில் கால் பங்கு தடிமனுக்கு ஒரு பூச்சு படியும். அதைச் சூடான தகட்டில் வைத்துச் சுட வேண்டும். அப்புறம் துளை வரைந்த மாஸ்க்கை மேலே வைத்து ஒளி பாய்ச்ச வேண்டும். ஒளி பட்ட இடமெல்லாம் டெவலப்பர் கரைசலில் கரைந்து ஓடும், துளை விழும். கேட்கிறபோது தோசைக்கல் வேலை மாதிரிதான் இருக்கும். செய்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

இந்த வடிகட்டியைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை ஒரு பெரிய இதழுக்குப் போகிறது என்று தெரிந்ததும், அவள் வாழ்க்கையில் முதன்முறையாக ஒன்றுக்கு ஆசைப்பட்டாள். அந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே, சம்பளச் சீட்டில் இருக்கிற அந்தப் பெயர் வர வேண்டும். எத்தனையாவதாக வந்தாலும் சரி.

கட்டுரைக்குப் பெயர் கேட்டுப் பதினோரு பேர் நின்றார்கள். ஆய்வகத்தின் இயக்குநர் முதல் பெயர் தனக்கு என்று ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டு, மீதிக்கு நியாயம் தேடினார். அவருக்கு ஒரு மீசை உண்டு. அதன் ஒரு நுனியில் ஏறுகிற எறும்பு மறுநுனியில் இறங்குவதற்குள் மதியமாகிவிடும். சுத்த அறைக்குள் மீசை தாடி இருக்கிறவர்கள் அதற்கு ஒரு வலை மாட்ட வேண்டும் என்று பன்னிரண்டு வருடம் முன்பு விதி வந்தது. வலை மாட்டுவதா, உள்ளே போவதா என்று யோசித்தார். பன்னிரண்டு வருடமாக அவர் உள்ளே போகவில்லை.

நியாயம் தேடியவர் வெகு தூரம் போகவில்லை. அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கையைக் கட்டியவர், முடிவெடுப்பியல் படித்தவர். எந்த முடிவையும் எடைபோட்டு, எண்ணாக்கி, கூட்டிக் கழித்துச் சொல்லிவிடுவார். சட்டை வாங்கப் போனால் ஏழு அளவுகோலில் மதிப்பெண் போட்டு அட்டவணை தயாரிப்பார். அட்டவணை முடிவதற்குள் கடை மூடிவிடும். அதனால் அவரிடம் இரண்டே சட்டைதான் இருந்தன. இரண்டும் மனைவி எடுத்தது.

சகலை ஆளுக்கொரு படிவம் கொடுத்தார். யோசனைக்கு முப்பத்தைந்து, நிதிக்கு இருபத்தைந்து, வடிவமைப்புக்குப் பதினைந்து, எழுத்துக்குப் பதினைந்து, செய்முறைக்குப் பத்து. ஐந்து வாங்கினால் பெயர் உண்டு. வீணாக்கிய நேரத்துக்குக் கழிவும் உண்டு. 'நீங்கள் செய்தது என்ன?' என்ற கேள்விக்கு நேரே எல்லோரும் பக்கம் பக்கமாக எழுதினார்கள். நாற்காலியக்கா இரண்டே வரி எழுதினாள். 'தட்டுகளைச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.'

முடிவு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. செய்முறைக்குப் பத்துக்குப் பத்து. நானூற்றுப் பன்னிரண்டு தட்டுக்கு நாற்பது நாற்பது நிமிடமாக இருநூற்று எழுபத்து நாலு மணி நாற்பது நிமிடம் சும்மா இருந்ததற்குக் கழிவு பதின்மூன்று. ஆக மொத்தம் மைனஸ் மூன்று. பிரிண்டருக்குக் காகிதம் வைத்தவருக்கே இரண்டு கிடைத்திருந்தது. கணக்குப்படி பார்த்தால், நாற்காலியக்கா என்று ஒருத்தி பிறக்காமல் இருந்திருந்தால் கட்டுரை இன்னும் மூன்று புள்ளி நன்றாக வந்திருக்கும்.

அவள் நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். வெளியே இருந்த பெஞ்சில் வழக்கம்போல நாற்பது நிமிடம் உட்கார வைத்துவிட்டுத்தான் கூப்பிட்டார்.

"நானூத்திப் பன்னெண்டு தட்டு சார். அத்தனையும் என் கையால போட்டது."

"யாரும்மா இல்லேன்னா? அட்டவணையிலயே பத்துக்குப் பத்து இருக்கே."

"அப்புறம் எப்படி சார் மைனஸ் ஆச்சு?"

"அது நான் போட்டதில்லம்மா. கணக்கு போட்டது. சும்மா உக்காந்திருந்தேன்னு நீயே கைப்பட எழுதிக் குடுத்திருக்கியே."

"சும்மான்னு எழுதல சார். காத்திருந்தேன்னு எழுதினேன்."

"ரெண்டும் உக்கார்றதுதானே?" என்றார் இயக்குநர், உட்கார்ந்தபடியே. "அந்த நாற்காலியையும் எடுத்துடச் சொல்லியிருக்கான் சகலை. கால் வலிச்சா சொல்லு, வேற வேலைக்கு மாத்திடலாம்."

"கால் வலிக்கல சார்," என்றாள் அவள். "வேற எங்கயோ வலிக்குது. அதுக்குப் படிவத்துல இடம் இல்ல."

மறுநாள் நாற்காலி போயிற்று. கூடவே சகலை ஒரு மணியும் பொருத்தினார். சுட்ட தட்டு ஐந்து நிமிடத்துக்குள் ஒளி இயந்திரத்துக்குள் போகாவிட்டால் அது அலறும். அந்த அலறலில் பக்கத்துக் கட்டடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் எழுந்து நின்றுவிட்டதாகக் கேள்வி.

மாலையில் வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அவன் பஸ் ஓட்டுகிறவன்.

"இந்தக் கணக்குல பார்த்தா, நான் சிக்னல்ல நிக்கிற நேரத்தைக் கழிச்சா, நான் இருபது வருஷமா வண்டியே ஓட்டல. ஜனங்க தானா நடந்து போயிருக்காங்க."

"நீ சும்மா இருண்ணா," என்றாள் அவன் தங்கை. நாற்காலியக்காவுக்கு நாத்தனார். பக்கத்துத் தெருவில் இருந்தாலும் சாப்பாடு இங்கேதான். அவளுடைய தொழிலே, எதை யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பது. கையெழுத்தைப் பார்க்க மாட்டாள், பெரிய சொல்லையும் பார்க்க மாட்டாள். 'ஆனால்', 'பிறகு', 'கூட' என்று எழுதுகிறவரே கவனிக்காமல் போடுகிற சின்னச் சின்னச் சொற்களை எண்ணுவாள். பெயர் போடாத மொட்டைக் கடிதங்கள் எழுதுகிற மூன்று பேர் இவளால் தொழிலையே விட்டிருந்தார்கள். தன் கல்யாணத்துக்கு முன்பு வந்த காதல் கடிதங்களைக்கூட எண்ணிப் பார்த்துவிட்டு, "இதை எழுதினது உங்க நண்பர். அவரை வரச் சொல்லுங்க," என்று சொல்லி, அந்த நண்பரையே கட்டிக்கொண்டாள்.

"கட்டுரை கிடைக்குமா அண்ணி? உங்க லாக் புத்தகமும் வேணும்."

கட்டுரை அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்திலேயே தொங்கியது. லாக் புத்தகம் என்பது ஒவ்வொரு தட்டுக்கும் என்ன செய்தோம் என்று மஞ்சள் விளக்கடியில் எழுதி வைக்கிற புத்தகம். அக்கா பக்கங்களைப் படம் எடுத்து வந்தாள். நாத்தனார் மூன்று நாள் எண்ணினாள். நான்காம் நாள் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் காகிதத்தைப் பரப்பினாள்.

"முன்னுரை உங்க இயக்குநர். அவருக்கு 'நாம்'ங்கிறது மூச்சு விடுற மாதிரி. முடிவுரை வேற ஒரு ஆள். பயந்த சுபாவம், வரிக்கு ஒரு 'ஒருவேளை' போடுறார். ஆனா செய்முறைப் பகுதி இருக்கு பாருங்க, அதுல 'பிறகு', 'போதும்', 'மறுபடி'. மூணும் நீங்க போடுற எடத்துல, நீங்க போடுற அளவுல. ஆயிரத்து நூத்தி நாப்பது சொல்லு. அதுல ஆயிரத்துத் தொண்ணூத்தி ஆறு உங்களோடது அண்ணி. அப்படியே எடுத்து வெச்சிருக்காங்க."

"அந்தப் பக்கத்தை எழுதினது நானா?"

"உங்களுக்குத் தெரியாம எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு வரியை மட்டும் விட்டிருக்காங்க. லாக் புத்தகத்துல 'சுடு' வந்தா அடுத்த வரி 'பிறகு உட்கார். நாற்பது.' ஒவ்வொரு தட்டுக்கும் இருக்கு. கட்டுரையில அது மட்டும் காணோம்."

நாற்காலியக்கா அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவள் கணவன் இன்னொரு தரம் சாப்பிடுவதை நிறுத்தினான்.

அந்த நாற்பது எங்கிருந்து வந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பதினோரு வருடம் முன்பு அந்தத் தேன் நிற ரெசிஸ்ட் புதிதாக வந்தபோது எந்தத் தட்டும் தேறவில்லை. துளை பாதி ஆழம் போய் நின்றுவிடும், அடி கரையாது. ஆனால் திங்கட்கிழமைத் தட்டுகள் மட்டும் பளிச்சென்று வந்தன. திங்கட்கிழமையில் என்ன விசேஷம் என்று ஆராய ஐவர் குழு அமைத்தார்கள். குழு செவ்வாய்க்கிழமைகளில் கூடியது. அதனால் ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த இயந்திரத்துக்குத் திங்கட்கிழமை உற்சாகம் இருக்கும் என்று ஒருவர் அறிக்கை கொடுத்தார். அதற்குப் பரிசும் வாங்கினார்.

அவள் மட்டும் வேறு மாதிரி யோசித்தாள். திங்கட்கிழமை அறையில் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்த்தார்கள். என்ன இல்லை என்று அவள் பார்த்தாள். அவள்தான் இல்லை. திங்கட்கிழமை காலையில், தட்டைச் சுட்டு எடுத்து வைக்கிற நேரம் பார்த்து, அந்த வாரத்துக்கு வேண்டிய ரசாயனங்களைக் கேட்கிற மருந்துச் சீட்டில் கையெழுத்து வாங்க வரச் சொல்வார் இயக்குநர். போனால் பெஞ்சில் நாற்பது நிமிடம். அத்தனை நேரமும் தட்டு உள்ளே தனியாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு தட்டைச் சுட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து பார்த்தாள். பளிச்சென்று வந்தது. பத்து நிமிடம், இருபது, முப்பது, ஐம்பது என்று மூன்று மாதத்தில் அறுபத்து மூன்று தட்டு போட்டாள். முப்பதில் பாதி தேறியது. நாற்பதில் எல்லாம் தேறியது. ஐம்பதில் அதற்கு மேல் லாபமில்லை. அறைக் காற்றுக்கு ஈரம் ஊட்டுகிற இயந்திரம் ஒருநாள் படுத்துவிட்டபோது நாற்பதும் போதவில்லை. அப்போதுதான் அவளுக்கு முழுசாகப் புரிந்தது. சுடும்போது ரெசிஸ்டில் இருக்கிற ஈரமெல்லாம் போய்விடுகிறது. ஈரம் இல்லாவிட்டால் ஒளி வந்தாலும் அதன் வேலை நடக்காது. போன ஈரம் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பி அடி வரை இறங்க வேண்டும். அதற்கு நாற்பது நிமிடம். இதை அவள் அன்றே புத்தகத்தில் எழுதினாள். இயக்குநரிடமும் சொன்னாள். அவர் போனில் பேசிக்கொண்டே "நல்லது, நல்லது" என்று மருந்துச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

கட்டுரை அச்சாகி, இதழிலிருந்து கடிதம் வர இரண்டரை மாதமாயிற்று. கட்டுரையில் சொன்னபடியே வேறோர் ஊர் ஆய்வகத்தில் முப்பத்தொரு தட்டு செய்து பார்த்தார்கள், முப்பத்தொன்றிலும் அடி கரையவில்லை, முப்பது நாளில் விளக்கம் வராவிட்டால் கட்டுரையைப் பொய் என்று அறிவிப்போம் என்று எழுதியிருந்தது. இங்கேயும் மணி பொருத்திய நாளிலிருந்து ஒரு தட்டு தேறவில்லை. அவள் ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தில் எழுதினாள். 'உட்காரவில்லை. தேறவில்லை.' நாற்பத்து நான்கு தட்டு, நாற்பத்து நான்கு தரம். சுத்த அறையில் தூசியே கிடையாது என்பார்கள். அந்தப் புத்தகத்தின் மேல் மட்டும் இருந்தது.

கூட்டம் கூடியது. நீள மேசையின் ஒரு கோடியில் இயக்குநர், பக்கத்தில் சகலை, அவருக்கு அடுத்தாற்போல் கட்டுரையை எழுதிய ஆராய்ச்சியாளர். அவருக்கு டிராஃப்ட் என்று பெயர். எதைக் கேட்டாலும் "இது டிராஃப்ட்தான்" என்பார். கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கும்போதும் அப்படித்தான் சொன்னாராம்.

"புது அட்டவணை போட்டிருக்கேன்," என்றார் சகலை. "பொறுப்பு அட்டவணை. தட்டு தேறாததுக்கு யார் எவ்வளவு பொறுப்புன்னு. யோசனைக்கு ரெண்டு, நிதிக்கு ஒண்ணு, எழுத்துக்கு நாலு…"

"செய்முறைக்கு?" என்றாள் நாற்காலியக்கா.

"தொண்ணூறு."

"போன தடவை பத்துன்னு ஞாபகம்."

"எடை மாறும்மா. கேள்வி மாறினா எடை மாறும். அதான் அறிவியல்."

இயக்குநர் தொண்டையைச் செருமினார். குரலில் சர்க்கரை போட்டுக்கொண்டார். "பாரும்மா, பழைய மைனஸ் மூணு போக உனக்கு எம்பத்தேழு வந்திருக்கு. நியாயப்படி உன் பேர்தான் முதல்ல வரணும். போட்டுடறோம். நான் விலகிக்கறேன். தப்பு செய்முறையிலதான்கிற விளக்கக் கடிதத்துல நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

தலைப்புக்குக் கீழே, முதலாவதாக, அவள் பெயர். மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தால் கடைசி இடத்துக்கே அவள் அந்தப் பெஞ்சில் நாற்பது நாள் உட்கார்ந்திருப்பாள். அவள் கை அவளைக் கேட்காமலே பேனாவுக்காக ஒரு விரல் தூரம் நகர்ந்தது. அதை அவள் பார்த்தாள். இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

சகலை பலகையில் ஒரு முடிவு மரம் வரைந்தார். அடியில் ஒரு கட்டம், அதிலிருந்து இரண்டு கிளை. "ஒத்துக்கிட்டா இப்படி. ஒத்துக்கலேன்னா அப்படி. ஒத்துக்கிறதுக்கு வாய்ப்பு தொண்ணூத்தி நாலு சதவீதம்."

"நல்லது வந்தப்ப மைனஸ் மூணு. கெட்டது வந்ததும் எம்பத்தேழு," என்றாள் அவள். "என் பேர் என்ன சார், கறை துடைக்கிற துணியா?"

"அப்படி இல்லம்மா…"

"டிராஃப்ட் தம்பி, ஒண்ணு கேக்கறேன். செய்முறைப் பகுதியை எங்கேருந்து எழுதினீங்க?"

டிராஃப்ட் மேசையைப் பார்த்தார். "உங்க லாக் புத்தகத்துலேருந்துதான் அக்கா. அது… டிராஃப்ட்தான்."

"ஆயிரத்து நூத்தி நாப்பது சொல்லுல ஆயிரத்துத் தொண்ணூத்தி ஆறு என்னோடது. எண்ணியாச்சு." நாத்தனாரின் காகிதத்தை மேசை மேல் வைத்தாள். "எழுத்துக்குப் பதினஞ்சுன்னு போட்டீங்களே சார், அது யாருக்குப் போச்சு? சரி, அது போகட்டும். 'பிறகு உட்கார், நாற்பது'ன்னு ஒரு வரி இருந்ததே தம்பி. அதை ஏன் விட்டீங்க?"

"அது உங்க சொந்தக் குறிப்புன்னு நெனச்சேன் அக்கா," என்றார் டிராஃப்ட், பரிதாபமாக. "கால் வலிக்காக எழுதி வெச்சிருக்கீங்களோன்னு… நானூத்திப் பன்னெண்டு எடத்துல அடிச்சு அடிச்சு எடுத்தேன்."

"இத்தனை தடவை எழுதினா கால் வலியா இருக்காதுன்னு தோணலையா?"

"ரொம்ப வலின்னு நெனச்சேன்."

நாற்காலியக்கா எழுந்தாள். சகலை கையிலிருந்த பேனாவை வாங்கி, மரத்தின் பக்கம் போனாள். "ஒரு கிளை விட்டுப்போச்சு சார்," என்று இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு கோடு இழுத்தாள். அதன் நுனியில் எழுதினாள்: 'இயக்குநர் உள்ளே வருவார்.'

"எங்கே?" என்றார் இயக்குநர்.

"சுத்த அறைக்கு. நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. மணியைக் கழட்டுங்க. ரெண்டு தட்டு போடறேன், உங்க கண்ணால பாருங்க. அதுக்கப்புறம் எந்தக் கடிதத்துல யார் கையெழுத்துன்னு பேசலாம். வர மாட்டேன்னா இன்னிக்கே நான் லாக் புத்தகத்தை அப்படியே படம் எடுத்து இதழுக்கு அனுப்பறேன். நாப்பத்தி நாலு தடவை எழுதி வெச்சிருக்கேன். படிக்கத் தெரிஞ்சவங்க அங்க யாராவது இருப்பாங்க."

சகலை மூன்றாவது கிளைக்கு வாய்ப்பு எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்தார். இயக்குநரின் கை மீசைக்குப் போயிற்று. போன கை வெகுநேரம் இறங்கவில்லை.

வலை கிடங்கில் இருந்தது. சாதாரண அளவு போதவில்லை. ஒன்றோடொன்று சேர்த்து மூன்று வலை மாட்டினார்கள். ஒரு நுனி வெளியே எட்டிப் பார்த்தது, அதற்குத் தனியாக நான்காவது. இயக்குநர் வெள்ளை உடுப்போடு உள்ளே நடந்தபோது, வேலை செய்துகொண்டிருந்தவர்கள் புதிதாக ஏதோ இயந்திரம் வருகிறது என்று வழி விட்டார்களாம்.

அவள் இரண்டு தட்டை ஒன்றாகவே பூசி, ஒன்றாகவே சுட்டாள். முதல் தட்டை உடனே ஒளியில் காட்டிக் கரைசலில் விட்டாள். நுண்ணோக்கியில் வைத்து, "பாருங்க சார்," என்றாள். துளைகள் பாதிக் கிணறாக நின்றன. இரண்டாவது தட்டைப் பெட்டியில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க."

"நானா?"

"நாற்பது நிமிஷம் சார். எழுந்துக்கக் கூடாது, பேசக் கூடாது, போன் கிடையாது. நான் பதினோரு வருஷமா பார்த்த வேலை."

இயக்குநர் உட்கார்ந்தார். மீசை வலைக்குள் வேர்த்தது. சொறியவும் முடியாது, உடுப்புக்குள் கை போகாது. பத்தாவது நிமிடத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாவது நிமிடத்தில் கடிகாரம் ஓடுகிறதா என்று பார்த்தார். இருபதில், "இன்னும் எவ்வளவு?" என்றார். அவள் நின்றுகொண்டிருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு. முப்பதாவது நிமிடத்தில் அவருக்கு வேறு ஏதோ ஞாபகம் வந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவர் கண் அவளைப் பார்த்துவிட்டுக் கீழே தாழ்ந்தது. அந்த அறையில் கண் மட்டும்தான் தெரியும். ஆகவே ஒளிக்க இடமில்லை.

நாற்பதாவது நிமிடத்தில் தட்டை எடுத்தாள். ஒளி காட்டினாள், கரைசலில் ஆட்டினாள், கழுவினாள், நுண்ணோக்கியில் வைத்தாள். ஒரு லட்சம் துளையும் அடி வரை திறந்திருந்தன.

இயக்குநர் நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். தன் பெயரை முதலாவதாகப் போட்டு அச்சில் வந்த பொருளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

வெளியே வந்து நான்கு வலையையும் கழற்றியபின், "சரிம்மா," என்றார். "உன் பேரைச் சேர்த்துத் திருத்தம் அனுப்பிடலாம். ரெண்டாவதாப் போடலாமா?"

"வேணாம் சார்."

"முதல்ல?"

"உங்க கட்டுரையில எனக்கு எடம் வேணாம். நாற்பது நிமிஷத்தைப் பத்தி நான் தனியா எழுதறேன். அறுபத்து மூணு தட்டோட கணக்கும் இருக்கு. உங்க திருத்தத்துல, செய்முறைக்கு என் கட்டுரையைப் பார்க்கவும்னு ஒரு வரி போட்டுக்குங்க. கட்டுரை தப்பிச்சுக்கும்."

"தனியாவா? ஒத்தை ஆளாவா? ஆய்வகத்து வேலைம்மா அது. என் பேர் இல்லாம எப்படி…"

"சகலை சார்," என்று அவள் திரும்பினாள். "உங்க முதல் அட்டவணையை எடுங்க. யோசனை யாரோடது?"

சகலை தாளைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். படித்த படிப்பு அவரை விடவில்லை. "உங்களோடது."

"வடிவமைப்பு, எழுத்து, செய்முறை?"

"உங்களோடது… உங்களோடது… உங்களோடது."

"நிதி?"

"பதினோரு வருஷம் முன்னாடி அதுக்கு யாரும் நிதி கேக்கல." சகலை கூட்டினார். கூட்டியதை இன்னொரு தரம் கூட்டினார். "அண்ணா, உங்களுக்குப் பூஜ்யம் வருது." கொஞ்சம் யோசித்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார், "மைனஸ் இல்லை."

கட்டுரை ஒன்றரைப் பக்கம். நாத்தனார் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாள். ஒரு 'பிறகு'வைக்கூடத் தொடவில்லை. அச்சில் வந்த அன்று அவள் கணவன் அதைப் பஸ்ஸில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினான். சிக்னலில் நிற்கிறபோதெல்லாம் பயணிகளைத் திரும்பிப் பார்த்து, "படிச்சாச்சா?" என்பான். தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர். சம்பளச் சீட்டில் இருந்த பெயர்.

இயக்குநரும் படித்தார். கடைசியில் நன்றி என்று ஒரு பகுதி இருப்பதைப் பார்த்து மீசையை நீவிவிட்டுக்கொண்டு படித்தார். 'திங்கட்கிழமைதோறும் தம் அறை வாசலில் என்னை நாற்பது நிமிடம் காக்க வைத்து, இந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணமாக இருந்த எங்கள் இயக்குநருக்கு என் மனமார்ந்த நன்றி' என்று இருந்தது. அது உண்மை என்பதால் ஆட்சேபிக்க வழியில்லை. இதழ்க்காரர்கள் உலகத்துக்கே அனுப்பிவிட்டார்கள். வேறு வேறு ஊர்களிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் அவருக்குக் கடிதம் எழுதி, தங்கள் ஆட்களைக் காக்க வைக்க முப்பத்தைந்து நிமிடம் போதுமா என்று சந்தேகம் கேட்டார்கள்.

அடுத்த திங்கட்கிழமை மருந்துச் சீட்டோடு அவள் போனாள். பெஞ்சில் உட்காரவில்லை. கதவைத் தட்டிவிட்டு நேரே உள்ளே வந்தாள்.

"கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணும்மா," என்றார் இயக்குநர், பழக்க தோஷத்தில்.

"எதுக்கு நாற்பது நிமிஷம் வேணும்னு எனக்குத் தெரியும் சார்," என்று சீட்டை அவர் முன்னால் வைத்துப் பேனாவைத் திறந்து நீட்டினாள். "இதுக்கு வேணாம்."